மணி அடிக்கும்போது கட்டை யாரிடம்

ஜூலை 6, சனி

இருபத்தெட்டு வருடங்களாக ஆங்கிலத்தில்தான் நாட்குறிப்பு எழுதி வந்தேன். என் நாத்தனார் எங்களோடு இருந்த காலத்தில் அது ஒரு பாதுகாப்பு. இப்போது வீட்டு வேலைக்கு வரும் இசக்கியம்மாளின் மகள்கூட ஆங்கிலத்தில் படிக்கிறாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆன பிறகு எந்த மொழியில் எழுதினால் என்ன? வகுப்பிலும் எல்லாவற்றையும் தமிழில்தான் தர வேண்டுமாம். கை பழகட்டும்.

வகுப்பு என்பது கல்லூரியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் வாய்மொழி வரலாற்றுச் சான்றிதழ் வகுப்பு. வயது வரம்பு இல்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், கல்லூரி ஒன்றரை கிலோமீட்டர் தூரம், அதனால் சேர்ந்தேன். வேறு காரணம் இல்லை.

இன்று பேராசிரியை தனபாக்கியம் குழு வேலை கொடுத்தார். நான்கு பேர் சேர்ந்து எட்டு நிமிட வீடியோ செய்ய வேண்டும். பள்ளிக்கூட நாளைய ஒரு பொருள், அதன் கதை. ஆகஸ்ட் 3 கடைசி நாள். வீடியோவோடு ஓர் உறுதிமொழித் தாள்: 'இதை நாங்கள் நால்வரும் சேர்ந்து செய்தோம், இதில் இருப்பது எங்களுக்குத் தெரிந்தவரை உண்மை.' நான்கு கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நால்வருக்கும் மதிப்பெண் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

என்னோடு மூன்று பேர். சுயம்புக்கனி, முப்பத்தெட்டு வயது, அருங்காட்சியகத்தில் ஒப்பந்த வேலை, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறாள். இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் ஆகஸ்டில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களாம். மூன்று தடவை சொல்லிவிட்டாள், நான்தான் குறுக்கே நிற்கிறேன் என்பதுபோல. மெஹராஜ் பானு, பெரிய கடைத் தெருவில் தையற்கடை. பால்துரை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி விருப்ப ஓய்வு பெற்றவர். அவரிடம் நல்ல கேமரா உள்ள போன் இருக்கிறது, அதைத் தவிர அவரிடம் பேச்சும் இல்லை.

பொருள் என்னுடையதுதான். எங்கள் கான்வென்டில் தமிழ் பேசுகிற பிள்ளையின் கழுத்தில் மாட்டுகிற மரக்கட்டை. நான் சொன்னதும் மூவரும் ஒரே குரலில் சரி என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. மீன்காரி வரவில்லை. 'குழு 4' என்று வாட்ஸப்பில் ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். சுயம்புக்கனி எழுதிய முதல் செய்தியிலேயே நான்கு பிழைகள். நான்கையும் எண் போட்டுத் திருத்தி அனுப்பினேன். எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டார்கள்.

ஜூலை 10, புதன்

காலை பத்து மணி என்றால் பத்து மணி. பத்து இருபத்தைந்துக்கு வந்தார்கள். பானு வரும்போதே, "மேடம், பஸ்ஸு மேல பழியப் போட்டா நம்பவா போறீங்க, லேட்டுதான், மன்னிச்சிருங்க" என்றாள். புத்திசாலி. அவளைக் கவனிக்க வேண்டும்.

வரவேற்பறையில் படம் பிடித்தார்கள். என் கணவர் லாரன்ஸின் படத்தைக் கொஞ்சம் நகர்த்தலாமா, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று பால்துரை கேட்டார். கூடாது என்றேன். அவர் நாற்காலியைத்தான் நகர்த்தினார், என்னையும் சேர்த்து.

கட்டையை மேசைமேல் வைத்தேன். உள்ளங்கை அகலம், தேக்கு, மேலே ஓர் ஓட்டை, அதில் சணல் கயிறு. எத்தனையோ பிள்ளைகளின் சட்டையில் உரசி இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருக்கும். கேமராவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். காலையில் முதலில் தமிழ் பேசுகிறவள் கழுத்துக்குக் கட்டை வரும். அவள் வேறொருத்தி தமிழ் பேசுவதைக் கண்டுபிடித்து அவளுக்கு மாட்டிவிடலாம். அப்படியே கைமாறி, நான்கு மணிக்குக் கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவளுக்குத் தண்டனை. விடுதிப் பிள்ளை என்றால் மாலைப் பலகாரம் இல்லை, மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் அரை மணி நேரம் முழங்கால். வீட்டிலிருந்து வருகிறவள் என்றால் நூறு வரி எழுத வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட மணி அடிக்கும்போது கட்டை என் கழுத்தில் இருந்ததில்லை. அதற்காகப் பதக்கம் தந்தார்கள். பள்ளியை விட்டு வரும்போது சிஸ்டர் யூலேலியா இந்தக் கட்டையையும் நினைவாகக் கொடுத்தார்.

பானு கேட்டாள், அப்படியானால் பகலில் உங்கள் கழுத்துக்கு வந்ததே இல்லையா என்று. அது நாங்கள் எழுதி வைத்த கேள்விகளில் இல்லாத கேள்வி. நிறுத்தச் சொன்னேன். பால்துரை நிறுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. போனில் சிவப்புப் புள்ளி அப்படியேதான் இருந்தது.

மக்ரூன் வைத்தேன். சுயம்புக்கனி இரண்டு எடுத்தாள், ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றினாள். பார்க்காததுபோல் இருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

காஸ் வந்தது. குழுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜூலை 13, சனி

வகுப்பில் பேராசிரியை புதிதாக ஒன்றைச் சொன்னார். ஒருவர் நினைவை மட்டும் வைத்து வரலாறு எழுதக் கூடாதாம். எந்தக் கதைக்கும் இன்னொரு சாட்சி வேண்டும். அதே இடத்தில் அதே காலத்தில் இருந்த இன்னொருவர்.

நான் சொன்னதை என்னைத் தவிர இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதே எனக்கு அவமானமாக இருந்தது. மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். கூடப் படித்தவர்கள் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று சுயம்புக்கனி கேட்டாள். யாரும் இல்லை, பாதிப் பேர் கல்லறையில், மீதிப் பேர் கனடாவில் என்றேன்.

"ஒரு பேராவது சொல்லுங்க மேடம். பங்குக் கோயில்ல விசாரிச்சா தெரிஞ்சிரும்" என்றாள்.

என்னை நம்பாவிட்டால் வேறு பொருளைத் தேடிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒன்றரை கிலோமீட்டரும் வெயிலில் நடந்தேன். குடையை வகுப்பில் மறந்துவிட்டேன், திரும்பிப் போய் எடுப்பதாக இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

கார்மேல் மாதா திருநாள். பூசை முடிந்து பானுவின் கடைக்கு இரண்டு ரவிக்கை துணி கொண்டு போனேன். என் தையற்காரர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இது உளவு பார்க்கப் போனது அல்ல.

அவள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த அவள் போன் ஒளிர்ந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் நன்றாகத் தெரிந்தது. குழுவின் பெயர் 'நாங்க 3'. கீழே சுயம்புக்கனியின் செய்தி: 'அட்ரஸ் கெடச்சிட்டு. அவங்களுக்கு இப்ப தெரிய வேண்டாம்.'

அவங்க என்றால் யார் என்று நான் யோசிக்கத் தேவையில்லை. 'குழு 4' மூன்று நாளாகச் செத்துக் கிடப்பதன் காரணம் இதுதான். மூவருக்கும் தனியாக ஒரு குழு.

தோள்பட்டை பதினான்கு என்றாள். பதிமூன்றரை, மறுபடி எடு என்றேன். மறுபடி எடுத்தாள். பதிமூன்றரைதான்.

ஜூலை 17, புதன்

வீட்டு வேலை எல்லாம் முடித்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என் பகுதியை வெட்டிவிட்டு வேறு யாரையோ வைத்து வீடியோ எடுக்கப் போகிறார்கள். கட்டை என்னுடையது, கதை என்னுடையது. எட்டு நிமிடத்தில் எனக்கு எட்டு நொடி கொடுத்துவிட்டு, கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் வருவார்கள். அந்தத் தாளில் என் பெயர் இல்லாமல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

இசக்கியம்மாள் பாத்திரம் கழுவியபடியே சொன்னாள்: "உங்ககூடப் படிக்கிற மூணு பேரும் காலைல திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறுனாவ அம்மா. அந்த மனுசன் தோள்ல பெரிய பை. நீங்க போகலையா?"

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு நாள் முழுவதும் அவள் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திருச்செந்தூருக்கு எதற்கு? கோயிலுக்குப் போகிற கூட்டம் அல்ல அது. திருச்செந்தூரைத் தாண்டினால் கடற்கரை ஊர்கள். எங்கள் விடுதிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

ஜூலை 19, வெள்ளி

கட்டையை அலமாரியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தேன். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்.

கயிறு புதிதுபோல் இருக்கிறதே என்று அன்றைக்குப் பால்துரை கேட்டார், அவர் கேட்ட ஒரே கேள்வி. அறுபது வருடமாக யாரும் போடாத கயிறு எப்படிப் பழையதாகும்? என் டெஸ்கைத் திறந்து நான் பார்த்த அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 20, சனி

வகுப்பு. மற்ற குழுக்கள் பாதி வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழு டிபன் டப்பா, ஒரு குழு மைக்கூடு. எங்கள் முறை வந்தபோது பால்துரை எழுந்து இன்னும் முடியவில்லை என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தும் மூவரும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

குடை மேசையில் இருந்தது. துணியிலிருந்து கழன்றிருந்த கம்பியை யாரோ தைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். பானுவின் நூல்தான், எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

எதிர்பார்த்தபடியே சுயம்புக்கனி உறுதிமொழித் தாளோடு வந்தாள். மூன்று கையெழுத்து போட்டிருந்தது. நான்காவது இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள், நான் எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்பதுபோல.

வீடியோவைப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். பால்துரை இன்னும் கோர்த்து முடிக்கவில்லை, கையெழுத்தை முதலில் வாங்கி வைத்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம் என்று பார்த்தேன் என்றாள். திருச்செந்தூர் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறியது. 'நாங்க 3' பற்றிக் கேட்டேன். உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

"என்ன வெட்டிட்டு எடுக்கலாம்னு எப்ப முடிவு பண்ணீங்க?" என்று நேராகக் கேட்டேன்.

"உங்கள யாரு மேடம் வெட்டுதா? சாட்சி வேணும்னாங்க, நீங்க பேரு சொல்லல, நாங்க தேடினோம். சொன்னா கோவப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"தேடுறதுக்கு எதுக்குத் தனிக் குழு?"

புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். பிறகு சொன்னாள். "அது முத வாரமே ஆரம்பிச்சது மேடம். நீங்க இருக்கிற குரூப்புல ஒரு வார்த்தை எழுதணும்னா பத்து தடவ யோசிக்க வேண்டியிருக்கு. நான் பத்தாவதோட நின்னு தபால்ல டிகிரி முடிச்சவ. எழுதுதேன், அழிக்கேன், எழுதுதேன், அழிக்கேன். பானு அக்காவும் அப்படித்தான். பால்துரை அண்ணன் அதான் ஒண்ணுமே எழுதுறதில்ல. உங்க முன்னால வாயத் தொறந்தா எதுல மாட்டிக்கிடுவோமோன்னு இருக்கு."

தாளை வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். வீடியோ வரட்டும் என்றேன். போகும்போது வாசலில் நின்று, "ஆகஸ்ட் மூணு தாண்டுனா என் வேலை போயிரும் மேடம்" என்றாள். நான்காவது தடவை. இந்தத் தடவை குறை சொல்வதுபோல் தோன்றவில்லை.

கட்டையைக் கழுத்தில் போட்டிருப்பவள் நெருங்கினால் வகுப்பே வாயை மூடிக்கொள்ளும். வராந்தாவில் அவள் நடந்தால் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோகும். அது ஏனோ இன்று நினைவுக்கு வந்தது.

ஜூலை 24, புதன்

பால்துரை லேப்டாப்போடு வந்தார். தனியாக வந்தார். செருப்பை வெளியே விட்டு, லாரன்ஸின் படத்தை ஒரு பார்வை பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினார்.

நொடிக் கணக்கைத் தாளில் குறித்துக்கொண்டே பார்த்தேன். எனக்கு இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. நான் பேசியதில் எதையும் வெட்டவில்லை. எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம்.

நான்காவது நிமிடத்தில் மணப்பாடு. மணல் குன்றின்மேல் கோயில் தெரிகிறது, கீழே ஒரு வீட்டு முற்றம். வெள்ளைச் சேலையில் ஒரு பெண், என் வயது. கீழே பெயர் வருகிறது: ஞானதீபம், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் சொன்னதை இரண்டு தடவை போடச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

"எங்கம்மா செத்து ஒம்பதாம் நாளு போர்டிங்குக்குத் திரும்பி வந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இங்கிலீசுல எப்படிக் கேக்கணும்னு தெரிஞ்சிருக்காது, சின்னப் பிள்ளைகதான. ஒரு பிள்ளை மட்டும் தண்ணித்தொட்டிக்கிட்ட வந்து பக்கத்துல குத்தவச்சுது. உங்கம்மாவுக்கு என்னாச்சுன்னு தமிழ்ல கேட்டுது. நான் எல்லாத்தையும் சொன்னேன். அதுக்கு அப்புறம் வேற யார்கிட்டயும் அத நான் சொன்னதே இல்ல."

அது யார் என்று பானுவின் குரல் கேட்கிறது. பேரு எதுக்கு என்கிறாள் ஞானதீபம்.

அடுத்து சுயம்புக்கனியின் குரல், படத்துக்கு மேல்: 'தண்டனைக்கு அஞ்சாமல் தாய்மொழியில் ஆறுதல் சொன்ன அந்தச் சிறுமி யார் என்று இன்றுவரை தெரியவில்லை.' ஒரு பிழைகூட இல்லாத வாக்கியம். எத்தனை தடவை எழுதி அழித்தாளோ.

பால்துரை லேப்டாப்பை மூடினார். "நல்லா வந்திருக்கா மேடம்?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். கையெழுத்தைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

எங்கும் போகவில்லை.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். வெடிச் சத்தம் வீடுவரை கேட்டது. நாற்பத்தொன்பது வருடத்தில் நான் போகாத முதல் கொடியேற்றம். இசக்கியம்மாளிடம் முழங்கால் வலி என்றேன்.

எழுதுகிறேன்.

1963, நவம்பர். காலையில் பென்சில் சீவும்போது பிளேடு விரலைக் கீறியது. அம்மா என்றேன். அவ்வளவுதான். அன்று கட்டையை வைத்திருந்த மேரி கிளாரா எழுந்து வந்து அதை என் கழுத்தில் மாட்டினாள். அம்மா என்பதும் தமிழ்தானே.

அன்று முழுவதும் யாரும் என் பக்கத்தில் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மூன்று மேசை மாறி உட்கார்ந்தேன், மூன்று மேசையும் வாயை மூடிக்கொண்டது. நான்கு வருடம் ஒரு நாளும் மாட்டாதவள் நான். அந்த வருடம் முடிந்தால் பதக்கம். மூன்றே முக்காலுக்கும் கட்டை என்னிடமேதான்.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஞானதீபம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று காலைதான் ஊரிலிருந்து வந்திருந்தாள். கட்டை யாரிடம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது, நான் அதைச் சட்டைக்குள் விட்டிருந்தேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அல்லது பதிலே வராது. அதனால் தமிழில் கேட்டேன். உங்கம்மாவுக்கு என்னாச்சு?

அவள் சொன்னாள். காய்ச்சல் வந்தது, மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள், வழியில் தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி எப்போது அடிக்கும் என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டையைக் கழற்றி அவள் தலைவழியாக மாட்டினேன். கோயிலில் கழுத்துக்கு உத்தரியம் வாங்கிக்கொள்வதுபோல் தலையைக் குனிந்து கொடுத்தாள். மணி அடித்தது.

அன்று மாலை கெபி முன்னால் முழங்காலில் இருந்தாள். அன்றைய பலகாரம் வெல்லப் பூரணம் வைத்துப் பொரித்த சுழியம், அவளுக்குக் கிடையாது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன், சுழியம் என்று மறுநாள்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. விடுமுறைக்கு முந்தின நாள் என் டெஸ்கைத் திறந்தேன், உள்ளே கட்டை. சிஸ்டர் யூலேலியா எனக்கு எதையும் கொடுக்கவில்லை. விடுமுறை முடிந்ததும் கட்டை காணவில்லை என்று வகுப்பையே நிற்க வைத்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே வாரத்தில் தச்சர் புதுக் கட்டை செய்து கொடுத்தார்.

பதக்கம் எங்கே என்று தெரியவில்லை. கட்டை இருக்கிறது.

ஜூலை 27, சனி

வகுப்புக்குப் போகவில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம். யாருக்கு நஷ்டம்? சுயம்புக்கனிக்கு வேலை இருக்கும். ஞானதீபத்துக்கு அறுபது வருடமாக ஒரு நல்ல பிள்ளை இருக்கிறாள், அவளும் இருப்பாள். பிழையைச் சொன்னால் அந்தக் கிழவியிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்வேன்.

ஆனால் ஞானதீபத்துக்குத் தெரியாமலா இருக்கும்? கட்டையை என் டெஸ்கில் வைத்தது அவளே என்றால், தனக்கு மாட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேமராவில் இப்படிச் சொல்கிறாள் என்றால் எதற்கு? என்னைக் கேலி செய்யவா? வீடியோ என் கண்ணுக்குப் படும் என்று தெரிந்தே சொன்னாளா?

தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடத்துக்கு மேல் இறக்க முடியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பூசை முடிந்ததும் சுயம்புக்கனிக்குப் போன் செய்தேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் மூச்சு நின்றது கேட்டது. எந்த எழுத்து மேடம் என்றாள்.

எழுத்து இல்லை, அந்தச் சிறுமி யார் என்று தெரியவில்லை என்று போட்டிருக்கிறாய், அது தவறு, தெரியும் என்றேன்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். மணப்பாட்டில் என் பெயரைச் சொன்னதும் அந்தம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்களாம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சரி எடுங்க என்றார்களாம். "அப்பவே எனக்குச் சந்தேகம் மேடம், அந்த நல்ல பிள்ளை நீங்கதானோன்னு. நீங்களே சொல்லட்டும்னு விட்டோம்."

நல்ல பிள்ளை. இதைப் போனில் திருத்த முடியாது. செவ்வாய்க்கிழமை மணப்பாட்டுக்குப் போக வேண்டும், பால்துரையைக் கேமராவோடு வரச் சொல் என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

பால்துரை மருமகனின் காரில் நான்கு பேரும். உடன்குடி தாண்டும்வரை யாரும் பேசவில்லை. நானாகத்தான் பேச்சை எடுத்தேன். ரவிக்கை தோள்பட்டை சரியாக இருக்கிறது என்று பானுவிடம் சொன்னேன். குடைக்கும் சேர்த்து நன்றி சொன்னேன். "நான் தச்சேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். நூலைப் பார்த்து என்றேன். "பயமாத்தான் மேடம் இருக்கு உங்கள" என்று சிரித்தாள், மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கார் கொஞ்சம் இலேசாயிற்று.

ஞானதீபம் முற்றத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். சின்ன உருவம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நான் வணக்கம் சொன்னேன். கைப்பையிலிருந்து கட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். காரில் வரும்போது நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டேன்.

"ஞானதீபம், கட்டைய மாட்டத்தான் உன்கிட்ட வந்து கேட்டேன்."

பின்னால் சுயம்புக்கனி எதையோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

"தெரியும்ளா" என்றாள் ஞானதீபம். "கயிறு என் முடியில சிக்கிச்சு. நீதான் எடுத்துவிட்டே. அது மறக்குமா?"

"தெரிஞ்சா எதுக்கு அப்படிச் சொன்னே?"

"நான் பொய் சொல்லலையே. நீ கேட்டே, நான் சொன்னேன். கேட்டதும் நீதான், மாட்டுனதும் நீதான். அந்தப் பள்ளிக்கூடத்துல மத்தவளுக ரெண்டுல ஒண்ணுகூடச் செய்யல." கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு மாசம் உன்மேல எரிஞ்சுக்கிட்டு வந்துது. ஊருக்கு வந்து பாத்தா, அம்மாவப் பத்திப் பேசணும்னா யாருமில்ல. அப்பா குடி. சித்தி வாயத் தொறந்தா சண்ட. உன்கிட்ட சொன்னதுதான் கடைசி. அத வச்சுக்கிட்டேன். மத்தத உன் டெஸ்குலயே போட்டுட்டு வந்திட்டேன், பத்திரமா வச்சிருக்கியே."

கைக்குட்டை காரில் இருந்தது. பானு தன் துப்பட்டாவின் முனையை நீட்டினாள். வேண்டாம் என்றேன், பிறகு வாங்கிக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். தமிழில்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தாள். அருகில் வந்து கட்டையின் கயிற்றை என் தலைவழியாக மாட்டினாள். நான் குனிந்து கொடுத்தேன்.

"வந்ததிலேருந்து தமிழ்லதான் பேசிக்கிட்டிருக்கே" என்றாள்.

குன்றின் மேல் கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. யாரும் அசையவில்லை. அவள் சிலுவை அடையாளம் போட்டாள், நானும் போட்டேன். நண்பகல் மணிக்குச் சொல்கிற மூவேளைச் செபத்தை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம், கட்டை என் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது.

மகள் தட்டில் சுழியம் கொண்டுவந்தாள். இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. "இவளுக்குக் கிடையாது, கட்டை இவ கழுத்துல இருக்கு" என்று மகளிடம் சொன்னாள் ஞானதீபம். எல்லோருக்கும் கொடுத்தாள். நால்வரும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் கையைத் துடைத்த பிறகு, கடைசியில் இருந்த இரண்டையும் என் பக்கம் தள்ளினாள். இரண்டையும் சாப்பிட்டேன். வெல்லம் கொஞ்சம் அதிகம்.

பால்துரையின் போனில் சிவப்புப் புள்ளி இருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மூவரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள். இருபது நொடி அதிகமாக இருந்தது. ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட என்று நான் சொல்வதையும், சிஸ்டர் யூலேலியாவையும், பதக்கத்தையும் வெட்டச் சொன்னேன். சரியாக இருபத்திரண்டு நொடி. சுயம்புக்கனி தன் வாக்கியத்தை மாற்றி எழுதி என்னிடம் காட்டினாள். இரண்டு பிழை. இரண்டையும் அவள் காதில் மட்டும் சொன்னேன்.

கடைசிக் காட்சியாக மணியை வைத்திருக்கிறார் பால்துரை. என் கழுத்தில் கட்டை. முகம் பார்க்கும்படியாக இல்லை. அதை வெட்டலாமா என்று கேட்டார். கூடாது என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

கல்லூரி வாசலில் சுயம்புக்கனியின் பென்சில் புள்ளிமேல் கையெழுத்துப் போட்டேன். போடும் முன் உறுதிமொழியை ஒருமுறை முழுதாகப் படித்தேன். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாலை போனைப் பார்த்தால் என்னை 'நாங்க 3' குழுவில் சேர்த்திருக்கிறார்கள். எண் தவறு என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் பால்துரை மாற்றினார். 'நாங்க 4'.